ட்ரிக்கர் எவ்வளவு லேசு என்பதா கேள்வி?

2000 அக்டோபர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். ஒரு குடும்பம் வேட்டை முடித்துத் திரும்பியிருந்தது. ரைஃபிளில் மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். அந்த ரைஃபிளில் ஒரு விசித்திரம், சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. அதாவது தோட்டாவைப் பத்திரமாக வெளியே எடுப்பதற்கே முதலில் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். அம்மா சேஃப்டியைத் தள்ளினார். ரைஃபிள் வெடித்தது. குதிரை ஏற்றும் ட்ரெய்லரைத் துளைத்துக்கொண்டு போன தோட்டா, அந்தப் பக்கம் இருந்த ஒன்பது வயது மகனைக் கொன்றது. ட்ரிக்கரில் விரலே வைக்கவில்லை என்று அந்தத் தாய் சொன்னார்.

அந்த ரைஃபிள் ரெமிங்டன் 700. 1962ல் வந்தது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இது இருக்குமோ என்று நினைக்கும் அளவுக்கு விற்ற மாடல். இன்னொரு விஷயமும் உண்டு. கடையில் தனியாக விற்கும் மாற்று ட்ரிக்கர்களில் அதிக ரகங்கள் கிடைப்பதும் இந்த ரைஃபிளுக்குத்தான். எந்த ட்ரிக்கர் வாங்கலாம் என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் அவர் கையில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். அல்லது இதைப் பார்த்துச் செய்த வேறொன்றாக.

அப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை பவுண்டு?" அது தப்பான முதல் கேள்வி என்பதுதான் இந்தக் கட்டுரை.

(தமிழில் விசை, குதிரை என்றெல்லாம் சொல்கிறார்கள். ரெமிங்டன் கதையில் நிஜக் குதிரைகளும் வருவதால் இங்கே ட்ரிக்கர் என்றே இருக்கட்டும்.)

முதலில் ட்ரிக்கருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ரொம்ப எளிமையான விஷயம். போல்ட்டுக்குள் ஃபயரிங் பின் என்று ஒரு ஊசி இருக்கிறது. அதன் பின்னால் பலமான ஒரு ஸ்பிரிங். போல்ட்டை இழுத்து மூடும்போது அந்த ஸ்பிரிங் இறுகி, ஊசி எப்போது பாய்வோம் என்று காத்திருக்கும். அதைப் பாயவிடாமல் பிடித்து வைத்திருக்கும் சின்ன இரும்புத் துண்டுக்கு சியர் என்று பெயர். அந்த சியர் விழாமல் கீழே முட்டுக் கொடுத்து நிற்பது ட்ரிக்கர். விரல் ட்ரிக்கரை இழுத்தால் முட்டு விலகும், சியர் விழும், ஊசி பாயும், தோட்டா வெடிக்கும். அவ்வளவுதான்.

சியரும் முட்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அகலம் எவ்வளவு தெரியுமா? வழக்கமான வேட்டை ரைஃபிளில் சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு மனித உயிருக்கும் ஒரு தோட்டாவுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் இரும்பு. கதவுத் தாழ்ப்பாளை முழுக்கத் தள்ளாமல் நுனி மட்டும் துளையில் பட்டும் படாமலும் நிற்கும்படி விட்டால் என்ன ஆகும்? காற்றடித்தால் கதவு திறந்துகொள்ளும். சியர் விஷயமும் அதுதான்.

இப்போது "லேசு" என்ற ஆசைக்கு வருவோம். அது நியாயமான ஆசைதான், சந்தேகமில்லை. கம்பெனியிலிருந்து வரும் பல வேட்டை ரைஃபிள்களில் ட்ரிக்கரை இழுக்க நாலு முதல் ஏழு பவுண்டு விசை வேண்டியிருந்தது. ரைஃபிளின் மொத்த எடையே ஏழெட்டு பவுண்டுதான். ஏழு பவுண்டு எடையுள்ள ஒரு பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டே அதன் ஒரு பாகத்தை ஆறு பவுண்டு விசையோடு இழுத்துப் பாருங்கள். குழலின் முனை நகராமல் இருக்குமா? நூறு கெஜ தூரத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு நகர்ந்தாலே தோட்டா ஏறக்குறைய ஒரு அங்குலம் தள்ளிப் போகும். மானுக்கு நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். அந்த மான் உடனே சாகாது. காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் அவதிப்பட்டுச் சாகும். நல்ல ட்ரிக்கர் வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் கேட்பதில் சொகுசு மட்டும் இல்லை, ஒரு கருணையும் இருக்கிறது.

எடை மட்டுமல்ல. ட்ரிக்கர் விடுபடுவதற்கு முன்னால் கரகரவென்று கொஞ்ச தூரம் நகருமே, அந்த இழுவையும் தொல்லை. விடுபட்ட பிறகு விரல் சட்டென்று பின்னால் போய் முட்டுவதும் தொல்லை. மூன்று பவுண்டு ட்ரிக்கர் சுத்தமாக விடுபட்டால், கரகரக்கும் இரண்டு பவுண்டு ட்ரிக்கரை விட லேசாகத் தோன்றும். அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வது இது. ஆனால் கடை அட்டைப்பெட்டியில் "சுத்தமாக விடுபடும்" என்பதை எண்ணில் அச்சடிக்க முடியாது. பவுண்டு கணக்கை அச்சடிக்கலாம். அச்சடிக்க முடிகிற விஷயம்தான் விற்கும்.

சரி, ஒரு ட்ரிக்கரை எப்படி லேசாக்குவது? மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். சியரும் முட்டும் உட்காரும் அந்த அரை மில்லிமீட்டரை இன்னும் குறைக்கலாம். அல்லது உரசும் இரண்டு பரப்புகளையும் நல்ல எஃகில், துல்லியமாக, வழவழவென்று செய்யலாம்.

கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் காசு வேண்டாம். ஒரு திருகைத் திருப்பினால் போதும், அல்லது சில டாலருக்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஆனால் இரண்டுமே பத்திரத்தின் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் ட்ரிக்கர் திரும்பத் தன் இடத்துக்கு வந்து சேரும் வேகமும் உறுதியும் குறையும். உட்காரும் அகலம் குறைந்தால் ஒரு தட்டு, ஒரு குலுக்கலில் நழுவும். மூன்றாவது வழி மட்டும்தான் பத்திரத்தைத் தொடாமல் லேசைத் தருகிறது. அதற்குத்தான் காசு ஆகும். ஆக, லேசு என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. விரலுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வாங்குகிறவரால் கடையில் நின்றபடி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970ல் எழுதிய பழைய கார் சந்தைக் கட்டுரை ஞாபகம் வரும். தரம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால் அந்தச் சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கைத் துரத்திவிடும் என்பது அவர் வாதம். ஆனால் ட்ரிக்கர் விஷயம் பழைய காரை விட மோசம். மட்டமான கார் ஒரு மாதத்தில் காட்டிக் கொடுத்துவிடும். மட்டமான ட்ரிக்கர் பதினைந்து வருஷம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, பதினாறாவது வருஷம் ஒரு நாள் மட்டும் காட்டிக் கொடுக்கலாம். அந்த ஒரு நாள் குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் மிச்சம்.

ரெமிங்டன் கதை இதற்கு நல்ல பாடம். அந்த ட்ரிக்கரை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். 1948ல் வந்த 721, 722 மாடல்களில் முதலில் வந்து, பிறகு 700க்குள் போனது. அவர் காலத்தில் அது அற்புதமான ட்ரிக்கர் என்று பெயர் வாங்கியது. சுத்தமாக விடுபடும், லேசாகவும் இருக்கும். அந்தச் சுத்தத்துக்காக அவர் சியருக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகட்டைப் போட்டார். அது ட்ரிக்கரோடு இறுக்கிப் பொருத்தப்பட்டதல்ல. ஸ்பிரிங் விசையில் ஒட்டிக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ட்ரிக்கரை விட்டு ஒரு கணம் விலகித் திரும்ப வந்து ஒட்டவேண்டும். திரும்பி வரும் வழியில் தூசியோ, காய்ந்த எண்ணெயோ, பனித்துளியோ, உலோகப் பொடியோ மாட்டிக்கொண்டால்? கனெக்டர் முழுக்கத் திரும்பாது. சியருக்குக் கீழே முட்டு பாதிதான் இருக்கும், அல்லது இருக்காது. அப்போது சேஃப்டி மட்டும்தான் சியரைத் தூக்கிப் பிடித்திருக்கும். சேஃப்டியை விடுவித்தால்... மொன்டானாவில் நடந்தது அதுதான் என்பது வழக்குப் போட்டவர்கள் தரப்பு.

கம்பெனி இதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுத்தம் செய்யாமல் விட்டது, சொந்தக்காரர்கள் திருகுகளை இஷ்டத்துக்குத் திருப்பியது, தெரியாமல் விரல் பட்டது என்பவைதான் காரணங்கள் என்று சொல்லி வந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். அந்த ட்ரிக்கரில் திருகுகள் இருந்தன, லேசு ஆசையில் அவற்றைத் திருப்பியவர்கள் ஏராளம். ஆனால் 2010ல் சிஎன்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் ஒரு பழைய விவரம் வெளியே வந்தது. ரைஃபிள் சந்தைக்கு வருவதற்கு முன்பே, 1940களில், வாக்கரே சேஃப்டி தொடர்பான ஆபத்து ஒன்றைக் குறித்து உள் குறிப்பு எழுதியிருக்கிறார். பிறகு அதைத் தடுக்க ஒரு மாற்று வடிவத்தையும் கொடுத்திருக்கிறார். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். கம்பெனி அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தரை சென்ட்! பிற்காலத்து வழக்கில் சம்பந்தப்பட்ட துப்பாக்கிகள் சுமார் 75 லட்சம் என்று சொல்லப்பட்டது. முரட்டுக் கணக்காகப் பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம் டாலர். 1994ல் டெக்சாஸில் ஒரே ஒரு வழக்கில், ரைஃபிள் தானாக வெடித்துப் பாதத்தை இழந்த ஒருவருக்காக ஜூரி சொன்ன தொகை 170 லட்சம் டாலர். செலவுக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களும் தப்புக் கணக்குப் போடுவார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை. (பணத்தின் மதிப்பு 1948ல் வேறு என்று யாராவது சொல்வார்கள். சரி, பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் கணக்கு மாறாது.)

இதில் அரசாங்கம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். எங்கேயும் போகவில்லை, உள்ளே வரவே இல்லை. அமெரிக்காவில் பொம்மை, மிக்சி, நாற்காலி எதுவாக இருந்தாலும் ஆபத்து என்றால் திரும்பப் பெற வைக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. 1972ல் அதற்கான சட்டம் வந்தபோதே துப்பாக்கிகளை அதன் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழந்தை விளையாடும் பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றால் ஆணையம் தலையிடும், நிஜத் துப்பாக்கியில் கோளாறு என்றால் தலையிடாது. துப்பாக்கித் தொழில்காரர்களே சேர்ந்து வைத்திருக்கும் சாமி என்ற அமைப்பின் தர விதிகள் உண்டு. (பெயரைப் பார்த்துக் கும்பிட வேண்டாம், ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான்.) ரைஃபிளை நாலு அடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின்மேல் பல கோணங்களில் போட்டுப் பார்க்க வேண்டும், ஊசி பாயக்கூடாது என்பது அதில் ஒரு சோதனை. ஆனால் அது தாமாக முன்வந்து பின்பற்றும் விதி.

தனியாக விற்கும் மாற்று ட்ரிக்கர் இன்னும் ஒரு படி தள்ளி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி வேட்டை ரைஃபிளின் ட்ரிக்கர் துப்பாக்கி அல்ல, வெறும் உதிரி பாகம். யார் வேண்டுமானாலும் தபாலில் வரவழைத்து, வீட்டு மேசையில் வைத்து, இரண்டு பின்களைத் தட்டி எடுத்து மாட்டிவிடலாம். அந்த ரைஃபிள், அந்த ட்ரிக்கரோடு சேர்ந்து கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று மாட்டியவரைத் தவிர வேறு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

இதோடு சேர்த்து அதிகம் பேர் யோசிக்காத ஒரு விஷயம். ரெமிங்டன் 700ல் சேஃப்டி என்பது ட்ரிக்கர் பெட்டியோடு சேர்ந்த பாகம். அது தடுப்பது சியரை, ஊசியை அல்ல. பழைய ராணுவ மாஸர் ரைஃபிளிலும், 1936ல் வந்த வின்செஸ்டர் மாடல் 70லும் சேஃப்டி போல்ட்டின் பின்னால் இருக்கும். அது ஊசியையே நேராகப் பிடித்து நிறுத்திவிடும். ட்ரிக்கர் கெட்டுப் போனாலும் சேஃப்டி கெடாது. 700ல் அப்படி இல்லை. புது ட்ரிக்கர் மாட்டுகிறவர் பழைய சேஃப்டியையும் கழற்றிவிட்டுப் புது சேஃப்டி மாட்டுகிறார். இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள். பெட்டியை வாங்கும்போது "எத்தனை பவுண்டு" என்று மட்டும் கேட்பது, பிரேக்கும் சேர்ந்து வரும் என்று தெரியாமல் ஆக்சிலரேட்டர் வாங்குவது போல.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

சந்தையில் பெயர் வாங்கிய கம்பெனிகள் கொஞ்சம்தான். டிம்னி 1946ல் தொடங்கியது, இப்போது அரிசோனாவில் இருக்கிறது. அவர்களுடைய ட்ரிக்கரில் வாக்கருடைய கனெக்டர் கிடையாது. ட்ரிக்கரே நேராக சியருக்கு முட்டுக் கொடுக்கிறது. நகரும் பாகம் ஒன்று குறைந்தால் நகராமல் போகும் வாய்ப்பும் ஒன்று குறைகிறது. கனடாவின் ட்ரிக்கர்டெக் வேறு வழியில் போனது. சியருக்கும் ட்ரிக்கருக்கும் நடுவில் ஒரு குட்டி உருளையை வைத்துவிட்டது. உரசுவதற்குப் பதில் உருள்கிறது. அதனால் உட்காரும் அகலத்தைக் குறைக்காமலேயே இழுவை போய்விடுகிறது. மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு இது ஒரு நல்ல உதாரணம். டெக்சாஸின் ஜுவல் ட்ரிக்கர் அவுன்ஸ் கணக்கில் விடுபடும், மேசையில் வைத்துச் சுடும் போட்டிக்காரர்கள் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் உள்ளே நெம்புகோல்கள் அதிகம், தூசி ஆகாது என்று சுடுகிறவர்கள் மத்தியிலேயே பேச்சு. போட்டி மைதானத்தில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சுடுகிறவருக்கு அது குறையே இல்லை. மழையில் நனைந்து, சேற்றில் தவழ்ந்து, வண்டியின் பின்னால் குலுங்கிப் போகும் ரைஃபிளுக்கு அது பொருத்தமில்லை. ட்ரிக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை, கல்யாணப் பட்டுப்புடவையை வயலில் நாற்று நட உடுத்தினால் புடவை என்ன செய்யும்?

விலை, ரகத்தைப் பொறுத்து, சுமார் 150 முதல் 300 டாலர் வரை போகிறது. இங்கே ஒரு கருத்து. வேட்டைக்காரருக்கு 150 டாலர் ரகமே போதும். மேல் ரகங்களில் அதிகம் கிடைப்பது இன்னும் குறைந்த பவுண்டுதான், அது அவருக்கு வேண்டாத சரக்கு. குளிரில் கையுறை போட்ட விரலுக்கு ஒன்றரை பவுண்டு ட்ரிக்கர் இருப்பதே தெரியாது. வேட்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை பவுண்டு என்று அனுபவசாலிகள் சொல்லும் கணக்கை மீறுவதற்கு நல்ல காரணம் ஒன்றும் தென்படவில்லை. குறைந்தபட்ச அளவில் வைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதிப்பதால் குறைந்தபட்சத்தில்தான் வைக்கவேண்டும் என்றில்லையே.

இந்த இடத்தில் சேவேஜ் கம்பெனியைப் பாராட்டியாக வேண்டும். மற்ற கம்பெனிகள் வழக்குக்குப் பயந்து ட்ரிக்கரைக் கனமாக்கிக்கொண்டே போனபோது, இவர்கள் 2003 வாக்கில் அக்யுட்ரிக்கர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ட்ரிக்கரின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். விரல் அந்த நாக்கை அழுத்தாமல் சியர் எப்படி நழுவினாலும் நாக்கு தடுத்து நிறுத்திவிடும். கீழே விழுந்தாலும், தட்டினாலும் சரி. அந்தத் தைரியத்தில் ஒன்றரை பவுண்டு வரை சொந்தக்காரரே குறைத்துக்கொள்ளலாம் என்று கருவியும் கொடுத்தார்கள். லேசும் பத்திரமும் எதிரிகள் என்ற பழைய நம்பிக்கையை உடைத்தது அதுதான். விலை குறைந்த ரைஃபிள் என்று பெயர் வாங்கியிருந்த கம்பெனியிடமிருந்து அது வந்தது என்பது இன்னும் வேடிக்கை. பின்னாலேயே மற்றவர்களும் நாக்கு வைக்க ஆரம்பித்தார்கள். இப்போது புது ரைஃபிள் வாங்குகிற பலருக்கு மாற்று ட்ரிக்கரே தேவைப்படுவதில்லை. இதை மாற்று ட்ரிக்கர் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

"புதியது வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது" என்றும் நினைக்க வேண்டாம். ரெமிங்டனே வாக்கர் ட்ரிக்கரை விட்டுவிட்டு எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புது ட்ரிக்கரைக் கொண்டுவந்தது. கனெக்டர் இல்லாத வடிவம். நல்ல வடிவம்தான். 2014 ஏப்ரலில் அதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2006 மே முதல் தயாரான எல்லாவற்றையும்! காரணம் என்ன தெரியுமா? பாகங்களைப் பொருத்தும்போது பூசும் பசை சிலவற்றில் அதிகமாகிவிட்டது. காகிதத்தில் வரைந்த வடிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொழிற்சாலையில் ஒரு சொட்டுப் பசை அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் கையில் வந்து சேர்ந்த அந்த ஒரு ட்ரிக்கரைச் சோதிக்காமல் பெயரை நம்பி மாட்டக்கூடாது.

சோதனை பெரிய வித்தை இல்லை. ரைஃபிள் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்ய வேண்டியது. போல்ட்டைப் பலமாக, வேகமாக, இருபது முப்பது முறை அடித்து மூட வேண்டும். ஒரு முறைகூட ஊசி தானாகப் பாயக்கூடாது. சேஃப்டி போட்டுவிட்டு ட்ரிக்கரை அழுத்தி இழுத்து, விட்டுவிட்டு, பிறகு விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவிக்க வேண்டும். பாயக்கூடாது. (இது முக்கியமான சோதனை, மொன்டானாவில் நடந்ததாகச் சொல்லப்படுவது சேஃப்டியை விடுவித்த நொடியில்தான்.) பிறகு ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. இதில் ஒன்றில் தவறினாலும் அந்த ட்ரிக்கர் எத்தனை டாலராக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான், திருகைத் திருப்பிச் சரி செய்ய உட்காரக் கூடாது. செய்யத் தெரியாது என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். நூற்றைம்பது டாலர் ட்ரிக்கருக்கு மேலே இன்னும் கொஞ்சம் கூலி கொடுக்க மனம் வராதவர், பழைய ட்ரிக்கரின் கனத்தோடு வாழப் பழகிக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு மறுப்பு எப்போதும் வரும். "குழலை யார் பக்கமும் காட்டாதே. இதை மட்டும் கடைப்பிடித்தால் எந்த ட்ரிக்கராக இருந்தால் என்ன?" கேட்க நன்றாக இருக்கிறது. அந்த விதி சரியான விதிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மொன்டானாவில் அந்தத் தாய் மகனைக் குறிபார்க்கவில்லை. ட்ரெய்லரின் பக்கம் காட்டினார். அதற்கு அப்பால் இருந்த பையன் அவர் கண்ணில் படவில்லை. மனிதர்கள் தவறுவார்கள் என்று தெரிந்துதானே சேஃப்டி என்றே ஒன்றை வைக்கிறார்கள்? ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு பிரேக் எதற்கு என்று யாராவது கேட்பார்களா?

கடைசியாக, பழைய 700 வாங்கப் போகிறவர்களுக்கு. அந்த வழக்கு ஒரு வழியாக சமரசத்தில் முடிந்தது. 2017ல் மிசூரியில் நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். வாக்கர் ட்ரிக்கர் உள்ள 700களுக்கு இலவசமாக மாற்று ட்ரிக்கர். அதைவிடப் பழைய 721, 722 மாடல்களுக்கு மாற்ற முடியாது என்று பத்து டாலர் கூப்பன். பத்து டாலர்! 75 லட்சம் துப்பாக்கிகளில், ஒப்புதல் சமயம் வரை விண்ணப்பித்தவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர் வாக்கில். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விஷயமே தெரியாதவர்கள் பாதி, "என் துப்பாக்கி நன்றாகத்தானே இருக்கிறது" என்றவர்கள் மீதி என்று வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் காலம் 2020 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. கம்பெனியும் 2018ல் ஒரு தடவை, 2020ல் ஒரு தடவை திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது.

ஆகவே இன்று அடகுக் கடையிலோ பழைய துப்பாக்கி விற்கும் கண்காட்சியிலோ தொங்கும் 700ல் எந்த ட்ரிக்கர் இருக்கிறது என்று மாட்டுச்சட்டத்தைக் கழற்றிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வாக்கர் ட்ரிக்கராகவே இருக்கலாம். முந்தைய சொந்தக்காரர் 1985ல் திருகைத் திருப்பி ஒரு பவுண்டுக்குக் கொண்டுவந்த வாக்கர் ட்ரிக்கராகவும் இருக்கலாம். "சார், வெண்ணெய் மாதிரி விடுபடும்" என்று கடைக்காரர் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். அவர் சொல்லும் விலையோடு புது ட்ரிக்கரின் 150 டாலரையும் மெக்கானிக் கூலியையும் கூட்டிக்கொண்டு, அந்தத் தொகைக்கு இந்த ரைஃபிள் கட்டுப்படியாகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால், பக்கத்து அலமாரியில் நாக்கு வைத்த புது சேவேஜ் ஒன்று இருக்கிறதா என்று கேட்கலாம்.